வண்டிப்பேட்டைத் தெருவில் எழுதாமல் விட்ட லாரிகள்

ஜூலை 4, திங்கள்

காற்று. ஆனிக்காற்று என்று பேர், அடிப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி. ஐந்து மணிக்குக் கூட்டித் தெளித்த வாசல் எட்டு மணிக்கு வெள்ளை. துணி காயப்போடவில்லை.

காலைப் பால் 84 லிட்டர். பால் சொசைட்டியில் மறுபடி தகராறு. மேலத்தெருக்காரர் பாலில் டிகிரி குறைவு. தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டால் மாடு மழையில் நனைந்துவிட்டது என்கிறார். அரியலூரில் மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று. எழுதிக்கொண்டேன்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. அட்டையில் 83 என்று தங்க எழுத்து. ஆறு மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம், சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் பாதியிலேயே குறட்டை. குவாரியில் லோடு டோக்கன் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க லாரி முகத்தில் முழித்துவிட்டு வருகிற மனுஷனிடம் வீட்டிலும் லாரிக் கதை சொன்னால் தூக்கம் வராமல் என்ன செய்யும்.

வெள்ளிக்கிழமை நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு என் பெண் செல்வி வந்துகொண்டிருக்கிறாள். பின்னால் கல் லாரி. ஒன்றுக்கு நாலு தடவை ஹார்ன். எட்டு வயதுப் பெண், திரும்பவில்லை, ஒதுங்கவில்லை. கடைசியில் பிரேக் போட்டு, பம்பர் புத்தகப் பையில் இடித்து நின்றதாம். டிரைவர் இறங்கி வந்து காது செவிடா என்று கத்தினானாம். டெய்லர் தங்கராசு சொன்னார், பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடை அவருடையது. ஆமாம், செவிடுதான். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் போன காது. அதை அந்த ஆளிடம் சொல்ல நான் அங்கே இல்லை. காலையில் நான் கொண்டுபோய் விடுகிறேன். சாயங்காலம் மூன்றிலிருந்து ஐந்து வரை பால் ஊற்றுகிற நேரம், சொசைட்டி எழுத்தர் நாற்காலியை விட்டு அசைய முடியாது. வருவது தனியாகத்தான்.

ஹார்ன் அடித்தால் கடமை முடிந்தது என்று எல்லா டிரைவரும் நினைக்கிறார்கள். அவளுக்கு ஹார்னும் ஒன்றுதான், ஆலமரமும் ஒன்றுதான். லாரி மெதுவாகப் போனால் மட்டும்தான் அவளுக்குப் பிழைப்பு உண்டு.


ஜூலை 6, புதன்

ரோடு ஆபீஸுக்குப் போனேன். மனு, 31 கையெழுத்து, 4 கைநாட்டு.

ஓவர்சியர் (இனி ஓ.) கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். சொன்னதன் சாரம்: வண்டிப்பேட்டைத் தெரு லாரிப் பாதையே கிடையாது. ரயில்வே கேட் மூடிக்கிடப்பதால் குறுக்கே புகுந்து வருகிறார்கள். டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி, நாலு நடையை ஆறாக்கினால்தான் கட்டும், கேட்டில் நிற்பானா. இரண்டு ஸ்பீடு பிரேக்கரும், பள்ளிக்கூட நேரத்தில் லாரிக்குத் தடையும் வேண்டும் என்றால் மேலே எழுதலாம். ஆனால் ஆதாரம் வேண்டும். ஒரு நாளைக்கு நூறு லாரிக்கு மேல் போகிறது என்று காட்டவேண்டும்.

"எண்ணுறதுக்கு எங்ககிட்ட ஆளு இல்லம்மா. தெருக்காரங்களே ஏழு நாள் எண்ணிக் குடுங்க. காலைல ஆறுலேருந்து சாயந்திரம் ஆறு. வண்டி நம்பரோட."

வரும்போது நடையே வேறு மாதிரி இருந்தது எனக்கு. இந்த ஆறு வருடத்தில் செல்விக்காக என்னை யார் யாரோ செய்யச் சொன்னதில் இது ஒன்றுதான் என்னால் முடிந்தது. வேண்டுதல், மருந்து, திருச்சி டாக்டர், எல்லாவற்றிலும் நான் காத்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது எண்ணுவதுதானே. லிட்டர் எண்ணுகிறவளுக்கு லாரி எண்ணத் தெரியாதா.

மறந்துபோனது: மண்ணெண்ணெய்.


ஜூலை 10, ஞாயிறு

நாளை தொடக்கம். யார் எப்போது:

6–9 சபுரா. பக்கத்து வீடு. பத்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படியும் வாசலில்தான் இருக்கிறாள்.

9–12 நான்.

12–3 போஸ்ட்மேன் ஐயா. ரிட்டயர் ஆனவர். யார் வீட்டுக்கு எந்த வருடம் மணியார்டர் நின்றது என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். தெருவுக்கே அவரிடம் கொஞ்சம் பயம்.

3–6 தங்கராசு, கடையில் மிஷினில் இருந்தபடியே.

வாங்க: 80 பக்க நோட்டு. பென்சில் 2. மண்ணெண்ணெய் (கார்டு!). செல்விக்கு ரப்பர் செருப்பு, வார் அறுந்துவிட்டது.

மத்தியானம் ராசு வந்தான். என் தம்பி. அவனும் கல் லாரிதான் ஓட்டுகிறான். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வாசலில் நிறுத்தி ஒரு வாய் காபி. அவன் தெருமுனை திரும்பும்போதே செல்வி எழுந்து ஓடுவாள். சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு லாரி வருவது உடம்பில் தெரியும். தெருவில் நடக்கும்போது தெரியாது. அந்த வித்தியாசத்தை யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. தரையில் தெரியுதுல்ல, ரோட்டுல தெரியாதா என்கிறார்கள், ஏதோ அவள் அழும்பு பண்ணுகிற மாதிரி.

நோட்டைப் பார்த்துவிட்டு ராசு கேட்டான், "என் வண்டி நம்பரையும் எழுதுவியாக்கா? பாதை இல்லாத தெருவுல ஓட்டுனதுக்கு லைசென்ஸ் போச்சுன்னா உன் வூட்டுக்குத்தான் சோத்துக்கு வருவேன்." சிரித்தான். நானும் சிரித்தேன்.


ஜூலை 11, திங்கள்

முதல் நாள். 68.

இவ்வளவுதானா? காதில் இருநூறு மாதிரி கேட்கிறது. உட்கார்ந்து எண்ணினால் குறைந்துபோகிறது. முதல் நாள், கேட் திறந்திருந்திருக்கும் என்று போஸ்ட்மேன் ஐயா.

சுருக்கெழுத்து ஏற்பாடு: லோடு வண்டிக்கு நேர்க்கோடு, காலி வண்டிக்குச் சாய்கோடு. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று. எதிர்ப்பக்கம் நம்பர். சபுரா க, உ என்று பழைய தமிழ் எண் போட்டுவிட்டாள், அரபி ஸ்கூலில் ஓதிக்கொடுக்கிற ஓஸ்தாதைவிட இவளுக்குப் பழைய படிப்பு. திருத்தி எழுதினேன்.

டீக்கடையில் எவனோ: "பொம்பளைங்க லாரி எண்றாளுங்கடா. அடுத்தது ரயிலு பெட்டிய எண்ணுவாளுங்க." கேட்காத மாதிரி வந்தேன். செல்விக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு.


ஜூலை 12, செவ்வாய்

71. காற்று அதிகம். சாயங்காலப் பால் 69.


ஜூலை 13, புதன்

செல்விக்கு உடம்பு சூடு. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கூடத்தில் வெறும் தரையில் படுத்துக்கொண்டாள், குளுமைக்கு.

ஐந்தரைக்கு சொசைட்டியிலிருந்து வந்து பார்த்தால் வெள்ளையடித்த சுவர் முழுக்கக் கரிக்கோடு. பொங்கலுக்கு அடித்த வெள்ளை. முதுகில் ஒன்று வைத்தேன். காய்ச்சல் பிள்ளையை அடித்தேன். அழவில்லை, முகத்தை மட்டும் பார்த்தாள்.

பிறகுதான் கவனித்தேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. எங்கள் நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஓரமாகச் சில நெளிகோடு, அது டிராக்டராம், கையைத் திருகிக் காட்டினாள். அதை விட்டுவிட்டு லாரிக் கோட்டை மட்டும் எண்ணினேன்.

சுவரில் 116. நோட்டில் 73.

காய்ச்சலில் எல்லாம் அதிர்ந்திருக்கும். இருக்கட்டும்.


ஜூலை 14, வியாழன்

காய்ச்சல் இல்லை. ஆனாலும் வீட்டில் வைத்துக்கொண்டேன். சோதனை செய்யத்தான்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. நான் வாசற்படியில் நோட்டோடு. அவள் உள்ளே, தெருவுக்கு முதுகு காட்டி, தரையில். லாரி வரும்போதெல்லாம் விரலைத் தூக்கி, சிலேட்டில் ஒரு கோடு போடச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. வண்டி என் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் விரல் மேலே போய்விடுகிறது. சபுரா வேடிக்கை பார்த்துவிட்டு மாஷா அல்லா என்று செல்வி தலையைத் தடவினாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டினேன். அவள் 31. நான் 26.

ஐந்து எங்கே? கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ராசு அந்த மூன்று மணி நேரத்தில் போகவும் வரவுமாக ஐந்து தடவை கடந்தான். ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டினேன். ஒவ்வொரு தடவையும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று நினைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. அவன் லாரி என் கண்ணில் லாரியாகவே படவில்லை, ராசுவாகப் பட்டது.

திங்கள், செவ்வாய், புதன் பக்கங்களைப் புரட்டினேன். அவன் நம்பர் ஒரு பக்கத்திலும் இல்லை.

வெட்கமாக இருக்கிறது. சுவருக்காக அடி வேறு வாங்கியவள் அவள்.


ஜூலை 15, வெள்ளி

மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவரும் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

சபுரா: கொழுந்தன் வண்டி. அதை எழுதுவதில்லை. "நம்மவூட்டு ஆம்பளைய நானே எழுதிக் குடுத்தேன்னா அல்லா மன்னிச்சாலும் எங்க மாமி மன்னிக்க மாட்டாங்கக்கா."

தங்கராசு: அவர் வாடகைக்கு இருக்கிற கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் வண்டி இரண்டு. அதை எழுதினால் தையல் மிஷினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போகவேண்டியதுதான் என்றார்.

போஸ்ட்மேன் ஐயாவிடம்தான் எனக்கு நம்பிக்கை. அவருக்கு மூன்று வண்டி. மகளைக் கொடுத்த இடம்.

"சம்பந்தி வண்டிய எப்படிம்மா எழுதுறது? நாளைக்கு ஒரு விசேஷம்னா எதுத்தாப்புல எலையில உக்காரணும்ல."

முப்பத்தைந்து வருடம் ஒரு கடிதம் மாற்றிப் போடாத மனிதர்.

ஆக நாங்கள் எழுதின எழுபதும் அசலூர் வண்டி. ஜெயங்கொண்டம் பக்கத்து வண்டி, பெயர் தெரியாத வண்டி. உள்ளூர் வண்டி ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. நாலு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. அவரவருக்கு அவரவர் சொந்தம், தெருவில் அடுத்தவர் சொந்தத்துக்கும் அதே மரியாதை.

கோபம் வந்தது, யார்மேல் படுவது என்று தெரியாமல் பருப்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன். அவர் அதையே சாப்பிட்டுவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.


ஜூலை 17, ஞாயிறு

ஆடி ஒன்று. தேங்காய் சுடவில்லை. செல்விக்கு மட்டும் பாயசம்.

யோசித்து யோசித்து ஒரு வழி. எல்லாரையும் கேட்டு, ஞாபகத்தில் இருக்கிறதைச் சேர்த்து, ஒவ்வொரு நாளின் அடியிலும் எழுதினேன்: "நம்பர் தெரியாதவை – 40." யார் பேரும் இல்லை, யார் குடியும் கெடாது. அதோடு கூட்டினால் ஒரு நாளைக்கு 112 வருகிறது. போஸ்ட்மேன் ஐயாவுக்குத் திருப்தி. சபுரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

நல்ல நோட்டில் மசியால் நகல் எடுத்தேன். கோடு போட, செல்வியின் அடிஸ்கேல்.


ஜூலை 20, புதன்

ஓ. நோட்டை முழுக்கப் புரட்டினார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, ஏழு நாளிலும் "நம்பர் தெரியாதவை" மேல் ஒவ்வொரு கோடு.

"பட்டப்பகல்ல, வாசல்ல உக்காந்து எண்ணியிருக்கீங்க. நாப்பது வண்டிக்கு நம்பர் தெரியலன்னு எழுதுனா மேல யாரு நம்புவா? நம்பர் இல்லாத வண்டி கணக்குல வராது."

மிச்சம் 72. நூறுக்குக் கீழே. கோப்பில் அப்படித்தான் போகும் என்றார்.

நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்த ஊரில் எத்தனை வருடம் வேலை பார்த்திருப்பார். பென்சிலைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். தெரிந்த நம்பரை இப்போதே எழுதுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

பென்சில் கையில் இருந்தது. மின்விசிறிக் காற்றில் பக்கம் படபடத்தது, அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டேன். ராசு நம்பர் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வண்டி புதிதாக வந்தபோது சந்தனம் தடவினதே நான்தான். அவனுக்குப் போன தை மாதம்தான் கல்யாணம். அவன் பெண்டாட்டிக்கு இப்போது மூன்று மாதம்.

பென்சிலை மேஜையில் வைத்தேன்.

"அப்ப இது நீங்களே எழுதிக் குடுத்த கணக்குதானேம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் இன்றைக்கும் இல்லை. ஸ்டாக் வரவில்லை.


ஜூலை 26, செவ்வாய்

செல்வி. நாலு மணிக்கு. பள்ளிக்கூடத்து வாசல் தாண்டி பத்தடி.

உயிர் இருக்கிறது. இடது கை இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டு. நெற்றியில் நாலு தையல். லாரி நிற்கவில்லை. சாக்கடையில் கிடந்தவளைத் தங்கராசு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், பாதி தைத்த சட்டையிலேயே சுற்றி.

நான் அப்போது மேலத்தெருக்காரரிடம் டிகிரிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்குமேல் எழுத வரவில்லை.


ஜூலை 27, புதன்

யாருமே நம்பர் பார்க்கவில்லை.

தங்கராசுவிடம் கேட்டேன். தூசியில் தெரியவில்லையாம். கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு சொன்னார். பள்ளிக்கூட வாசலில் பட்டாணி விற்கிற அம்மாளுக்குக் கண் சரியில்லையாம். உள்ளூர் வண்டியா, அசலூர் வண்டியா என்றேன். தங்கராசு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். அசலூர் வண்டியாக இருந்தால் இந்நேரம் தெருவே நம்பர் சொல்லியிருக்கும்.

சத்தம் போட்டிருப்பேன். எந்த வாயால் போடுவது. ஓ. நீட்டின பென்சிலைத் திருப்பி வைத்த கைதானே இது.

சாயங்காலம் ராசு. ஆப்பிள், ஹார்லிக்ஸ். லாரி இல்லாமல் சைக்கிளில் வந்தான். செல்வி கட்டிலோரம் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். காபி வேண்டாம் என்றான். நேற்று நாலு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்கவேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் என்னிடம் பொய் சொல்லமாட்டான், சின்ன வயதிலிருந்தே சொன்னதில்லை. அதனால்தான் கேட்கவில்லை.

போகும்போது, "வரேங்க்கா," என்றான். சொல்லும்போது என்னைப் பார்த்தானா என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், வரவில்லை.


ஆகஸ்ட் 1, திங்கள்

ரோடு ஆபீஸ். பழைய ஓ. மாற்றலாகிப் போய்விட்டார். புது ஆள், வயது குறைவு, பேனாவை மூடித் திறந்துகொண்டே பேசுகிறார். கோப்பை எடுத்துக் காட்டினார். "போக்குவரத்து குறைவு. நடவடிக்கை தேவையில்லை." அதன் பின்னால் என் நோட்டைக் குத்தி வைத்திருக்கிறார்கள், துளை போட்டு, என் கையெழுத்தோடு.

மாவுக்கட்டைச் சொன்னேன். போலீஸில் எழுதிக் கொடுத்தீர்களா என்றார். நம்பர் இல்லாமல் என்னத்தை எழுதிக்கொடுப்பது. அப்படியானால் புதிதாக ஏழு நாள் எண்ணுங்கள், பார்க்கலாம் என்றார்.

எண்ணுகிறேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதுகிறேன். ராசு வண்டியை முதலில்.


ஆகஸ்ட் 3, புதன்

ஆடிப்பெருக்கு. யார் வீட்டிலோ தாளித்த புளி வாசனை. நான் ஒன்றும் செய்யவில்லை.

போஸ்ட்மேன் ஐயாவுக்குக் கண் புரையாம், நம்பர் தெரியவில்லையாம். தினத்தாள் படித்துக்கொண்டே சொன்னார். தங்கராசுவைக் கடைச் சொந்தக்காரர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அதோடு அவரும் விலகிக்கொண்டார். சபுரா வாசலில் நின்றாள், பின்னால் கதவிடுக்கில் அவள் மாமியார். கைக்குழந்தைக்காரி, நேரமே இல்லைக்கா என்றாள். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நேற்றும் இன்றும் நான் மட்டும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. மற்ற நேரம் பால். ஒரு ஆள் ஆறிலிருந்து ஆறு வரை உட்காரமுடியாது. முடிந்தாலும் நான் ஒருத்தி எழுதினதைத் தெரு எண்ணினது என்று எந்த ஆபீஸில் ஒத்துக்கொள்வார்கள்.

ராசு நம்பரை எழுத நோட்டைப் பிரித்து வைத்திருந்தேன். இரண்டு நாளும் அவன் இந்த வழியாக வரவில்லை. கேட்டில் காத்திருந்து போகிறானாம். அவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை போயிற்று. அதை நினைத்து எனக்கு சந்தோஷமா துக்கமா என்றுகூடத் தெரியவில்லை.

நோட்டை மூடிவிட்டேன்.


ஆகஸ்ட் 5, வெள்ளி

அவர் இன்று தூங்கவில்லை. சாப்பிட்டுக் கைகழுவி வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"லாரிய மாத்த முடியல. புள்ளைய மாத்திருவோம்."

பூலாம்பாடியில் அவர் அண்ணன் வீடு. பள்ளிக்கூடம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, அதே வரிசையில். ரோடு தாண்டவேண்டாம். அண்ணி பிள்ளையில்லாதவர், வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. வாயால் செல்விக்கு என்ன நஷ்டம். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார். எத்தனை நாளாக யோசித்தார் என்று தெரியவில்லை. குறட்டை என்று நான் எழுதியது தப்பு.

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. தேடிப் பார்த்தேன்.


ஆகஸ்ட் 6, சனி

மூட்டை: பாவாடை 4. சட்டை 4, இடது கை பிரித்துத் தைத்தது (தங்கராசு, கேட்காமலே தைத்துக் கொடுத்தார்). டி.சி. ஹார்லிக்ஸ் பாட்டில். ரப்பர் செருப்பு. சிலேட்டு. பால்கோவா அண்ணிக்கு.

அவளுக்கு எப்படிச் சொல்வது. பஸ் என்று காட்டினேன், பெரியம்மா என்று காட்டினேன், பள்ளிக்கூடம் என்று காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நீயும்தானே என்று என் நெஞ்சில் விரல் வைத்தாள். இல்லை என்று காட்டினேன். ஏன் என்பதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் சைகை இருக்கிறது, பதிலுக்கு இல்லை.

கொல்லையில் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தேன். ஈரத்துணி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கரிக்கோடு எல்லாம் கரைந்து கறுப்பாக வழிகிறது. எட்டாத இடத்துக்கு முக்காலி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் இறங்கி, சுத்தமான இடத்தைக் காட்டினாள், பிறகு மூட்டையைக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

சுவரில் கிறுக்கினதற்காக அனுப்புகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

இல்லை இல்லை என்று எத்தனை தடவை தலையாட்டுவேன். கட்டிக்கொண்டு அழுதேன். அழுததைப் பார்த்து, தப்பு பெரியது போலிருக்கிறது என்று இன்னும் வேகமாகத் துடைக்கப் போனாள்.


ஆகஸ்ட் 7, ஞாயிறு

வெயில். அரியலூர் – பெரம்பலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இட்லி, அவள் ஒன்றரை, நான் இல்லை. பூலாம்பாடி பஸ் ஒரு மணி நேரம் தாமதம்.

நல்ல இடம். மாட்டு வண்டி போகிறது, சைக்கிள் போகிறது, சோளக்கட்டு போகிறது. அண்ணி தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார், நான் வைத்ததைவிட நன்றாகவே. "ஒண்ணும் ரோசனை பண்ணாத சகுந்தலா, போயிட்டு வா," என்றார். தூங்கும்போது போய்விடு என்றும் சொன்னார். அது வேண்டாம் என்று முகம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

செல்வி அழவில்லை. நான் ரோட்டில் இறங்கினதும் ஓடிவந்து என் கையைப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, பஸ் பக்கமாக என்னை ரோட்டைத் தாண்டிக் கொண்டுவிட்டாள். பிறகு அவளே திரும்பிப் போனாள்.


ஆகஸ்ட் 9, செவ்வாய்

காலைப் பால் 88. சாயங்காலம் 74. நாலு மணிக்குப் பேனா நின்றுவிட்டது. யாரும் வரவேண்டியதில்லை என்று ஞாபகப்படுத்திக்கொண்டு மறுபடி எழுதினேன்.

மண்ணெண்ணெய் கிடைத்தது. மூன்று லிட்டர்.

அவர் குவாரியிலிருந்து வந்து, கடிதாசி வந்ததா என்றார். இரண்டு நாளில் எங்கே வரும்.


ஆகஸ்ட் 11, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. தூசி.

பத்து மணிக்கு சபுரா வந்தாள். தலைத்துணி நழுவி, இடுப்பில் குழந்தை, கையில் ஒரு புது நோட்டு, 80 பக்கம். மூச்சு வாங்கினாள். குழந்தை நேற்று முதல் தனியாக நடக்கிறதாம். காலையில் இவள் கொடியில் துணி போடுவதற்குள் ரோட்டு நடுவுக்குப் போய்விட்டதாம். லாரிக்கு முன்னால் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். சட்டைப் பித்தான் இரண்டு இல்லை, காட்டினாள்.

நோட்டில் கோடெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள், நேராக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரி. மாமியாரிடம் சண்டை போட்டுவிட்டாளாம். காலை ஆறிலிருந்து ஒன்பது, சாயங்காலமும் அவளே உட்காருகிறாளாம். நான் ஒரு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் போதுமாம்.

"இந்தத் தடவ எங்க கொழுந்தன் வண்டியையும் எழுதுறேங்க்கா. வாங்கக்கா."

நான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். கல் நிறைய இருந்தது.

"எம் பொண்ணு இங்க இல்லியே சபுரா," என்றேன்.

அவள் குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனாள். படி இறங்குவதற்குள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.